அண்ணியின் கதைகளை நம்பலாமா

"அண்ணி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு. கேக்குறதுக்கு இன்னும் வரி போடலை."

"நீர்நாய் கதையை வீடியோவில ஒரு மாதிரி சொன்னீங்க. நேத்து குட்டிக்குத் தலை துவட்டும்போது வேற மாதிரி சொன்னீங்க."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. நானே கேட்டேன்."

"எங்கே நின்னு கேட்டே?"

"பாத்ரூமுக்கு வெளியே. துண்டு எடுக்க வந்தேன்."

"பாத்ரூம்ல பேசினா எதிரொலிக்கும். ஒண்ணு ரெண்டாக் கேக்கும்."

"கதையுமா ரெண்டாக் கேக்கும்?"

அண்ணி அடுப்பைச் சின்னதாக்கினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். "அது சரி, நான் குட்டிகிட்ட எங்க பாஷையிலதானே சொன்னேன். உனக்குப் புரிஞ்சுதா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

எந்த இடம் வேறாக இருந்தது என்று சொன்னேன். அதை இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும். அண்ணி, "சைலண்ட் மோடுல இருக்கிற போன்தான் எல்லாத்தையும் ரெக்கார்டு பண்ணுது" என்று சொல்லிவிட்டு டீயை வடிகட்டத் தொடங்கினார். நான் அதிகம் பேசாதவள் என்பதால் அவர் எனக்கு வைத்த பெயர் சைலண்டு. அன்றைய மாலையிலிருந்து அவர் மகள் குட்டிக்குத் தலை துவட்டும்போதெல்லாம் குளியலறைக் கதவு உள்பக்கம் தாழிடப்பட்டது.

என் சந்தேகம் அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தில்தான் கெட்டிப்பட்டது.

அண்ணி போன் பழுது பார்ப்பவர். பேருந்து நிலையத்துக்குப் போகும் சுரங்கப்பாதையில், படிக்கட்டுக்கு அடியில் கடை. ஒருவர் உட்காரலாம், ஒருவர் நிற்கலாம். இரண்டாவது வாடிக்கையாளர் வந்தால் படியில் நிற்க வேண்டும். மேசைமேல் நீல ரப்பர் விரிப்பு, வட்ட விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடி, சூடான காற்று ஊதும் கருவி, டப்பா டப்பாவாகத் திருகாணிகள். மேலே ஆள் நடக்கும்போதெல்லாம் விளக்கு லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்துக்கு நடுவில், முடியை விட மெல்லிய கம்பியைச் சரியான இடத்தில் ஒட்டுவார். சுற்றுவட்டாரத்தில் அவரைப் போன் அக்கா என்றால்தான் தெரியும்.

யாரையும் நம்பமாட்டார். தொழில் அப்படி ஆக்கியது என்று அண்ணன் சொல்வான். பிறவிக்குணம் என்று அம்மா சொல்வாள். ஒருநாள் நான் கடையில் இருந்தபோது ஒருவர் வந்தார்.

"தானா ஆஃப் ஆயிடுச்சு அக்கா."

"தானாவா? தண்ணி பட்டுச்சா?"

"சத்தியமா படலைங்க."

அண்ணி போனைத் திறந்தார். போன்களுக்குள் சிறிய வெள்ளை ஒட்டுத்தாள் ஒன்று இருக்கும். ஈரம் பட்டால் சிவந்துவிடும். அதைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து அவர் பக்கம் திருப்பினார். "சத்தியம் எப்படிச் சிவந்து கிடக்கு, பாருங்க."

அவர் போன பிறகு என்னிடம் சொன்னார்: "மனுஷனுக்குள்ளயும் இப்படி ஒண்ணு ஒட்டி அனுப்பியிருந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்."

அண்ணன் அவரைச் சந்தித்ததும் அதே கடையில்தான். ஒரே கோளாறு என்று சொல்லி ஒரே போனைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோயிருக்கிறான். கடைசியில் அண்ணி அதைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்து, "உங்க போனுக்கு ஒண்ணுமில்லை. உங்களுக்குத்தான் என்னமோ இருக்கு" என்றாராம். கல்யாணம் ஆயிற்று. அம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. அண்ணியின் ஊர் மலைச்சரிவில், காட்டை ஒட்டிய குடியிருப்பு. நகரத்தில் அந்த மக்களை மேல்காட்டுக்காரர்கள் என்பார்கள். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் வேறு. "கதவைத் தட்டினா யாருன்னு கேக்கலாம். இவ, உள்ளே வந்து உக்காந்த ஆளையும் யாருன்னு கேக்குறா" என்று அம்மா என்னிடம் முணுமுணுப்பாள்.

கதைகள் தொடங்கியது பசையால். போனின் திரையை மாற்றி ஒட்டினால், பசை காயும்வரை கவ்வி போட்டு வைக்க வேண்டும். அதுவரை வாடிக்கையாளர் கையில் போன் இல்லாமல் நிற்பார். சட்டைப்பையைத் தடவுவார், நகத்தைப் பார்ப்பார், "ஆச்சா?" என்று கேட்பார். அந்தத் தொல்லை தாங்காமல் அண்ணி தன் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லத் தொடங்கினார். பசை காய்ந்ததும் கதை முடியும். ஒருநாள் ஒரு கல்லூரி மாணவி தோழியின் போனில் அதைப் படம் பிடித்துப் பரப்பிவிட்டாள். படிக்கட்டில் கூட்டம் கூடியது. அண்ணன் அவருக்காக இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தான். எனக்கு இரண்டு மொழியில் படிப்பு என்பதால், தமிழில் அண்ணி சொல்வதைக் கேட்டுக் கீழே ஆங்கிலத்தில் எழுதும் வேலை என்னிடம் வந்தது.

விருப்பமாகத்தான் செய்தேன். நாட்டுப்புறக் கதை என்ற பெயரில் போனில் வருவது எதையும் அதற்குமுன் நான் நம்பியதில்லை. ஒரு காட்டுப் படம், ஒரு புல்லாங்குழல், 'பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தது' என்று ஒரு வரி. உள்ளே கழுகோ ஓநாயோ வந்து தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கும். எங்கோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து யாரோ எழுதியது என்று முதல் வாக்கியத்திலேயே தெரியும். அண்ணியின் கதைகளில் பாடம் எதுவும் கிடையாது. ஆற்றின் சத்தம் ஒருநாள் காணாமல் போகும், நீர்நாய் தேடிக்கொண்டு போகும், கண்டுபிடிக்கும், ஆனால் திருப்பிக் கொடுக்காது. அவ்வளவுதான். 'ஏன் கொடுக்கலை?' என்று கேட்டால், 'அதுக்குப் பிடிச்சிருந்துச்சு' என்பார். யாராவது கட்டிய கதையாக இருந்தால் இப்படிப் பாதியில் நிற்காது என்று நினைத்தேன்.

இப்போது அந்த நம்பிக்கையில் ஓட்டை விழுந்தது. நான் காப்பீட்டு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளர். ஒரே ஆள் ஒரே விபத்தை இரண்டு மொழியில் எழுதிக் கொடுத்து, இரண்டும் ஒத்துவராவிட்டால் சிவப்புப் பேனாவால் கோடு போட வேண்டும். கோடு போட்ட கோப்பு மேலே போகும். பெரும்பாலும் அந்த ஆளுக்கு நல்லது நடக்காது. அந்தப் பழக்கத்தில் அண்ணியின் வீடியோக்களைத் திரும்பக் கேட்டேன். குட்டி விளையாடும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் கதைகளோடு ஒப்பிட்டேன். கதைக்கு ஒரு இடம் வேறாக இருந்தது. ஒன்றே ஒன்று. மறதி என்றால் ஒரு கதையில் ஒன்றுமில்லாமலும் இன்னொன்றில் நிறையவும் இருக்க வேண்டும். இது அளந்து வெட்டினதுபோல் இருந்தது.

ஒரு வீடியோவின் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'எங்க வீட்டுல இப்படி இல்லையே.' பெயரைப் பார்த்தால் மேல்காட்டு ஆள். வேறு யாராக இருந்தாலும் சண்டைக்குப் போவார்கள், அல்லது அழித்துவிடுவார்கள். அண்ணி அதற்கு ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தார்.

அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்: "அண்ணி சொல்றதெல்லாம் நிஜமாவே அவங்க ஊர்க் கதைதானா?"

"அவளுக்குக் கதை கட்டத் தெரியாதா என்ன? என் பையனையே கட்டிக்கிட்டா."

அண்ணனிடம் கேட்டேன். "ஏய், நான் என் போன் கோளாறையே பொய்யாச் சொன்னவன். என்னைப்போய்க் கேக்குறியே" என்றான்.

ரகசியம் உடைந்தது வேறு இடத்தில். லட்சக்கணக்கானோர் பின்தொடரும் ஒரு பக்கம், அண்ணியின் நீர்நாய் கதையை வெளியிட்டது. படத்தில் சுருக்கம் விழுந்த ஒரு முகம், பின்னால் புல்லாங்குழல். 'அடர்ந்த காட்டில் பல நாள் நடந்து, தொண்ணூறு வயது மூதாட்டி ஒருவரின் வாயால் கேட்டுப் பதிவுசெய்தது' என்று போட்டிருந்தார்கள். அண்ணன் கொதித்துப்போய் எல்லாருக்கும் காட்டினான். அண்ணி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு புரையேறும்வரை சிரித்தார்.

"அந்தத் தொண்ணூறு வயசுக் கிழவி நான்தான்" என்றார்.

எனக்கு அது சிரிப்பாக இல்லை. "எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க? நிஜமாவே உங்க ஊர்ல ஒரு பாட்டி சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா தப்பு வேற இடத்துல இருந்திருக்கும். இவன் சொல்றதுல இருக்கிறது என் தப்பு. நான் வச்சது."

அண்ணிக்கு வாய் தவறிவிட்டது என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது. துணி மடித்துக்கொண்டே மீதியையும் சொன்னார்.

அவர்கள் கதைகளை ஒளித்து வைப்பதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சொல்வார்கள். ஆனால் வெளியாளுக்குச் சொல்லும்போது ஒரு இடத்தை மாற்றிவிடுவார்கள். எதை மாற்றுவது என்பது சொல்பவர் இஷ்டம். சரியான கதை வீட்டுக்குள் இருக்கும்.

"எதுக்கு இந்த வேலை?" என்றான் அண்ணன்.

"எங்க அப்பா சின்னப் பையனா இருந்தப்ப நிலம் அளக்க ஒருத்தன் வந்தான். 'நானும் உங்க சொந்தம்தான், ரெண்டு தலைமுறைக்கு முன்னாடி இறங்கிப் போன குடும்பம்'னு சொன்னான். எங்க பாஷை தண்ணியாப் பேசினான். பெரியவங்க சரின்னு உக்கார வச்சு, 'உங்க வீட்டுல சொல்ற கதை ஒண்ணு சொல்லு தம்பி'ன்னாங்க. சொன்னான். நல்லாவே சொன்னானாம், வெளியாளுக்குச் சொல்ற மாதிரியே. சாப்பாடு போட்டு, கைகழுவத் தண்ணி ஊத்தி, அனுப்பி வச்சுட்டாங்க. ஒருத்தரும் அவன் நீட்டின காகிதத்துல கையெழுத்துப் போடலை."

நான் கேட்டேன்: "அப்ப இத்தனை நாளா நான் ஆங்கிலத்துல எழுதினதெல்லாம்?"

"தப்புத்தான். ஆனா அழகா எழுதியிருக்கேன்னு எல்லாரும் சொல்றாங்க."

அம்மா மூலையிலிருந்து நிமிர்ந்தாள். "ஏம்மா, போன வருஷம் எனக்கு உடம்பு சரியில்லாதப்ப பக்கத்துல உக்காந்து ஒரு கதை சொன்னியே. அது?"

"அத்தை, உங்களுக்கு டீ போடட்டுமா?" என்றார் அண்ணி.

அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் மனம் ஆறவில்லை. பொய் இல்லை என்று தெரிந்துவிட்டது; ஆனால் உண்மையும் என்னிடம் இல்லை. நாங்கள் எல்லாரும் அந்த நிலம் அளக்க வந்தவன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறோமோ என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் அந்த அழைப்பு வந்தது. அண்ணியின் அண்ணன் ஊரிலேயே இருக்கிறார், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவருடைய மகளுக்கு முன்பல் விழுந்திருந்தது. அதைக் காட்டத்தான் வீடியோவில் கூப்பிட்டாள். காட்டி முடித்ததும், "அத்தை, ஒரு கதை சொல்றேன்" என்று ஆரம்பித்தாள். நீர்நாய் கதை. பல் இல்லாத இடத்தில் காற்று புகுந்து புகுந்து வந்தது. அண்ணி சிரித்துக்கொண்டே கேட்டார். அந்த இடம் வந்ததும் சிரிப்பு நின்றது.

"யார் கண்ணு சொன்னா இப்படி?"

"நீங்கதான்! போன்ல பாத்தேன். அப்பா தப்பா சொல்றார். நான் சொன்னேன், அத்தைக்குத்தான் கரெக்டாத் தெரியும், அவங்களை எவ்வளவு பேர் பாக்குறாங்கன்னு."

பின்னால் ஒரு ஆண் குரல் கேட்டது. போன் கைமாறியது. திரை இருட்டானது.

அடுத்து வந்தது ஒரு குரல் பதிவு மட்டும். அண்ணி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டதால் எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது: "வெளியாளுக்குச் சொல்றதை என் பிள்ளைக்கும் சொல்லிட்டே. அவளையும் வெளியே நிக்க வச்சுட்டே. இனி இந்த வீட்டுக்கு வந்தா வாசல்ல நின்னு பேசிட்டுப் போ." அதற்குப்பின் அவர் போனை எடுக்கவில்லை.

அண்ணிக்குத் தாய் தகப்பன் இல்லை. அந்த ஒரு அண்ணன்தான். போய் இறங்க வேறு வீடு கிடையாது.

மறுநாள் கடைக்குப் போனேன். ஒருவர் போனைக் கொடுத்து, "தண்ணியெல்லாம் படலைங்க" என்றார். அண்ணி திறந்தார். ஒட்டுத்தாள் ரத்தச் சிவப்பாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் துடைத்து மூடிக் கொடுத்தார். அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

"வீடியோவை எல்லாம் எடுத்துடலாம் அண்ணி."

"எடுத்து? அந்தக் கிழவி படம் போட்ட பக்கத்துல இருக்கே. இன்னும் எங்கெங்கே இருக்கோ. முன்னே வெளியாளுக்குச் சொன்னா அவனோட இறங்கிப் போயிடும். இப்ப இங்கே சொன்னா அங்கே வீட்டுக்குள்ளயே போய்க் கேக்குது. எனக்கு இது தோணவே இல்லை பாரு. நாள் முழுக்கப் போனையே பிரிச்சுப் பாக்குறவளுக்கு."

"அப்ப சரியான கதையைப் போட்டுடுங்க."

"போட்டா நாளைக்கு அளக்க வர்றவனும் அதையே கத்துக்கிட்டு வருவான்."

எடுத்தாலும் தப்பு, போட்டாலும் தப்பு. கவ்வியில் மாட்டியிருந்த ஒரு போனைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு யாரோ சுண்டிவிட்டதுபோல் நிமிர்ந்தார். "ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் ஒரு வரி எழுது. தமிழ்லயும் எழுது, உன் இங்கிலீஷ்லயும் எழுது. 'இந்தக் கதையில் ஒன்று தப்பு. எது என்று உங்கள் வீட்டில் கேளுங்கள்.' எங்க பாஷையில நான் வாயால சொல்லிடுறேன்."

"உங்களைப் பொய்க்காரின்னு சொல்லுவாங்க அண்ணி."

"என்னை யார் சொன்னா எனக்கென்ன? எங்க அண்ணன் சொன்னதுதான் உறைக்குது."

எழுதினேன். நான் சொன்னதுபோலவே ஆயிற்று. 'ஏமாற்றுக்காரி', 'பழங்குடிப் பெயரில் வியாபாரம்', 'அப்பவே தெரியும்' என்று கீழே கொட்டினார்கள். பார்ப்பவர்கள் மளமளவென்று குறைந்தார்கள். அந்த மூதாட்டி படம் போட்ட பக்கத்துக்குப் போய்ச் சிலர், 'அப்ப உங்க கிழவியும் தப்பாத்தான் சொன்னாளா?' என்று கேட்டார்கள். சத்தமில்லாமல் அந்தப் பதிவு மறைந்தது. என் அலுவலகத்தில் ஒருவர், "உங்க அண்ணியே ஒத்துக்கிட்டாங்களாமே" என்றார். அண்ணி இதில் எதையும் பார்க்கவில்லை. அவர் காத்திருந்தது ஒரே ஒரு அழைப்புக்கு. போனை ரப்பர் விரிப்பின் ஓரத்தில், கண்ணில் படும்படி வைத்துக்கொண்டே வேலை செய்தார்.

ஒரு விடுமுறை நாள் காலையில், அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அது அடித்தது. கையெல்லாம் சோப்பு. குட்டி ஓடிப்போய் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"உன் மருமக என்னை வண்டி ஓட்ட விடமாட்டேங்குறா" என்றது குரல். எடுத்த எடுப்பில் இதுதான். "எது தப்பு, எது தப்புன்னு. வேன்ல வர்ற பிள்ளைங்களையும் சேத்துக்கிட்டா. ஒவ்வொண்ணும் வீட்டுல போய்க் கேக்குதாம். வீட்டுல இருக்கிற கிழவன் கிழவியெல்லாம் என்னைப் பிடிச்சுக்குறாங்க, உன் தங்கச்சி என்ன பண்ணி வச்சிருக்கான்னு."

"சொன்னியா அவளுக்கு?"

"சொன்னேன். சொல்லாம விடுவாளா? ஆனா ஒண்ணு. நீ வச்ச தப்பு ரொம்ப மட்டம். சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும். நான் வச்சிருந்தா நீயே தலையைப் பிச்சுக்கிட்டிருப்பே."

"ஆமாமா, நீ பெரிய ஆளு. வேன் சாவியை வேன்லயே வச்சுப் பூட்டினவன்."

"அதை இப்ப எதுக்கு இழுக்குற? எப்ப வர்றே?"

அண்ணி சோப்புக் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண் எரிந்தது என்றார். நாங்கள் நம்பியதாகக் காட்டிக்கொண்டோம்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் போன பார்வையாளர்களுக்குப் பதிலாக இன்னொரு கூட்டம் வந்து சேர்ந்தது: துப்பறிகிறவர்கள். ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே உட்கார்ந்து அந்தத் தப்பு எது என்று ஊகிக்கிறார்கள். 'அக்கா எப்பவும் திசையைத்தான் மாத்துவாங்க' என்கிறார் ஒருவர். 'இல்லை, அந்த இடம் வரும்போது இடது பக்கம் பாப்பாங்க, கவனிங்க' என்கிறார் இன்னொருவர். பெரும்பாலும் உளறல். ஒருநாள் ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு அண்ணி போனைக் கவிழ்த்து வைத்தார். அவர் சரியாகச் சொல்லிவிட்டார் என்று எனக்குப் புரிந்தது.

"என் புத்தி எந்தப் பக்கம் போகும்னு இவனுங்களுக்குப் பிடிபட்டுப்போச்சு" என்றார்.

அடுத்த வாரம், அம்மா படுத்திருந்தாள். அண்ணன் குட்டிக்குச் செருப்பு வாங்கக் கூட்டிப் போயிருந்தான். அண்ணி என் அறைக்கு வந்தார்.

"புதுசா ஒண்ணு போடணும்."

"சொல்லுங்க, எழுதிக்குறேன்."

"எழுதாதே. நோட்டை மூடி வை. கேளு."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தன் பாஷையில் சொன்னார். எனக்குத் தெரியாத சொல் வந்தபோதெல்லாம் நிறுத்தி, நான் தலையாட்டிய பிறகே மேலே போனார். சின்னக் கதை. வழக்கம்போலப் பாதியில் நின்றது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த இடத்திலும் கண் எந்தப் பக்கமும் போகவில்லை.

"இதுல எது அண்ணி..."

"எதுவும் இல்லை. இது அப்படியே இருக்கு."

அவர் எழுந்து, அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று தள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இந்தத் தடவை தப்பை நீ வை. பாத்து வை. எங்க அண்ணன் சிரிக்கிற மாதிரி வச்சுடாதே."